ஒன்றே முக்கால் ஆம்பியர்

புதிதாகக் கடை போட்ட பையன்கள் போன் செய்து கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "அண்ணா, கார் ஆம்ப்ளி டெஸ்ட் பண்றதுக்கு எத்தனை ஆம்பியர் சப்ளை வாங்கறதுங்க?" நாற்பதா, அறுபதா, நூறா என்று மூன்றுக்கும் விலை விசாரித்து வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். "ஒன்னே முக்கால்" என்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. ஒருத்தன் மட்டும், "காலங்காத்தால ஓட்டாதீங்கண்ணா" என்றான்.

ஓட்டவில்லை. 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு முழு வெளிச்சத்தில் இழுக்கிற கரண்ட் ஒன்றே முக்கால் ஆம்பியர். ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் டீக்காசுக்குக் கிடைக்கும். என் பெஞ்சுக்குப் பழுது பார்க்க வருகிற ஆம்ப்ளி எதுவானாலும் முதல் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகும். அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய சப்ளை நிற்கிறது என்பது இரண்டாவது பேச்சு. பெரிய சப்ளை என்னிடமும் இருக்கிறது. ஆனால் கேட்டதையெல்லாம் அள்ளிக் கொடுக்கிற சப்ளையை வாங்குவதற்கு முன்னால், போதும் என்று கையை இழுத்துக்கொள்கிற சப்ளை ஒன்று வேண்டும். இந்த வரிசையை நான் தலைகீழாகப் போட்டுக் கற்றுக்கொண்டேன். அதற்கு ஆன செலவில் நாலு நல்ல சப்ளை வாங்கியிருக்கலாம்.

நான் வேலை பழகியது கரூரில் ஒரு டிவி ரிப்பேர் கடையில். கடைக்கார அண்ணன் பெஞ்சில் 230 வோல்ட் லைனில் ஒரு 100 வாட் குண்டு பல்பு சீரிஸில் தொங்கும். செட்டுக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். செட்டுக்கு மேற்கொண்டு ஒன்றும் ஆகாது. ஷார்ட் இல்லையென்றால் ஒரு மின்னு மின்னி மங்கிவிடும். "பல்பு மங்காம செட்டுல கை வெக்காத கண்ணு" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. நான் அதை டிவிக்கான சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டேன். பிக்சர் டியூப் செட்டுகள் ஒழிந்து, நான் தனியாகக் கடை போட்டு, கார் செட் பக்கம் ஒதுங்கியபோது பல்பை அண்ணன் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கரூரில் கார் செட் வேலைக்குப் பஞ்சமில்லை. பஸ் பாடி கட்டுகிற ஊர். பாடியில் பெயிண்ட் காய்வதற்குள் ஓனர்கள் செட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். டூரிஸ்ட் வேன்காரர்களைக் கேட்கவே வேண்டாம். கார்த்திகை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது, சபரிமலை சீசனை முன்னிட்டு, பழைய ஆம்ப்ளிகள் மஞ்சப்பையில் வந்து இறங்கும். "சாமி பாட்டுத்தானுங்க போடப் போறோம், ஆனா பேஸ் மட்டும் குறையப்படாதுங்க."

ஆம்ப்ளிக்கு 12 வோல்ட் வேண்டும். கடையில் இருப்பது 230 வோல்ட். ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்த பாலம் பேட்டரி சார்ஜர் ஒன்றுதான். பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் ஒரு 20 ஆம்பியர் சார்ஜர் சும்மா கிடந்தது. வாங்கிவந்து, பேட்டரி இல்லாமல், நேராக ஆம்ப்ளியில் மாட்டினேன். சார்ஜர் என்பது டிரான்ஸ்ஃபார்மரும் பிரிட்ஜ் டயோடும்தான், பில்டர் கிடையாது. 15 வோல்ட் ஏசியின் உச்சி 21 வோல்ட் வரை போகும். பேட்டரி இருந்தால் அந்த உச்சியை அது அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். பேட்டரி இல்லாத இடத்தில் ஆம்ப்ளியின் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர்கள் அந்த உச்சி வரை நிரம்பிக்கொண்டன. டயோடில் விழுந்தது போக ஏறக்குறைய 20 வோல்ட். கெப்பாசிட்டர் மேலே அச்சடித்திருந்தது 16 வோல்ட். முதலில் ஒரு 'பொட்', அப்புறம் வரிசையாக மூன்று 'பொட்'. கடை முழுக்கப் பஞ்சு மாதிரி காகிதத் துணுக்கு. ஒரு கெப்பாசிட்டரை மாட்டி மீட்டரை வைத்துப் பார்த்திருந்தால் அந்த உச்சி தெரிந்திருக்கும். நான் சார்ஜர் மேலே எழுதியிருந்த '12 வோல்ட்' என்பதைப் படித்துவிட்டுத் திருப்தியடைந்திருந்தேன்.

அடுத்தது நானே கட்டிய சப்ளை. அதைப் பற்றி இன்றைக்கும் எனக்கு ஒரு பெருமை உண்டு. 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏழெட்டுக் கிலோ. எல்.எம். 723 ரெகுலேட்டர். அதற்குக் கீழே நாலு 2என்3055 டிரான்சிஸ்டர், இரும்புத் தொப்பி போட்ட பழைய வகை. கரண்டைச் சமமாகப் பங்கிட ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.1 ஓம். 20 ஆம்பியர் வரை 13.8 வோல்ட் அசையாமல் நிற்கும். சத்தம் இல்லை, இரைச்சல் இல்லை, அவுட்புட் தண்ணீர் மாதிரி சுத்தம். ஒரே குறை சூடு. டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து வருகிற வோல்டேஜுக்கும் 13.8க்கும் நடுவே எட்டு வோல்ட் உபரி. 20 ஆம்பியரில் 160 வாட் ஹீட்சிங்கில் வீண். சித்திரை மாதத்தில் கரூரில் மத்தியானம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். தோசைக்கல் என்று பெயர் வைத்திருந்தோம்.

இந்த ஆம்ப்ளிகள் ஏன் இப்படிக் கரண்ட் குடிக்கின்றன என்று அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 12 வோல்டை வைத்துக்கொண்டு, பிரிட்ஜ் போட்டாலும், 4 ஓம் ஸ்பீக்கரில் 18 வாட்டுக்கு மேல் சுத்தமாக எடுக்க முடியாது. அதனால் பெரிய ஆம்ப்ளி ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கன்வெர்ட்டர் இருக்கிறது. பெரும்பாலும் டி.எல். 494 என்ற ஐ.சி. அது பேட்டரி வோல்டேஜை மாஸ்ஃபெட்டுகளால் படபடவென்று வெட்டி, வளைய டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி, பிளஸ் 30, மைனஸ் 30 என்று இரண்டு ரயிலாக மாற்றிக் கொடுக்கிறது. பாட்டு ஓடுவது அந்த ரயிலில். ஆக, கார் ஆம்ப்ளி ஒன்று பழுதாகி வந்தால் அதில் இரண்டு ஆட்கள் மேல் சந்தேகம்: பேட்டரிப் பக்கத்து மாஸ்ஃபெட், ஸ்பீக்கர் பக்கத்து டிரான்சிஸ்டர். இரண்டில் எது செத்தாலும் வாடிக்கையாளர் சொல்வது ஒன்றேதான்: "பியூஸ் போட்டா போயிட்டே இருக்குதுங்க."

தோசைக்கல்லுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 20 ஆம்பியரையும் கொடுத்துவிடும். ஒரு மாஸ்ஃபெட் செத்த போர்டில் மீதி மூன்றையும் சாகடிக்க அது தாராளம். புது மாஸ்ஃபெட் போட்டு, கேட் ரெசிஸ்டர் ஒன்று திறந்துபோயிருப்பதைக் கவனிக்காமல் கரண்ட் கொடுத்து, ஒரே வாரத்தில் மூன்று செட் மாஸ்ஃபெட்டை எரித்த பிறகு ஒரு நாள் பழைய அண்ணனைப் பார்க்கப் போனேன். பெஞ்சில் அந்தக் குண்டு பல்பு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான். "ஏங்கண்ணு, 12 வோல்டுக்குப் பல்பே விக்கறதில்லையா?"

அன்றிலிருந்து ஒரு மரப்பலகை. அதில் இரண்டு ஹோல்டர், ஒன்றில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, இன்னொன்றில் 60/55 வாட் ஹெட்லைட் பல்பு, இரண்டையும் தாண்டிப் போக ஒரு தடித்த சுவிட்ச். முதலில் மெயின் பிளஸும் மைனஸும் மட்டும். ஆம்ப்ளியை ஆன் செய்கிற ரிமோட் ஒயரைத் தொடுவதில்லை. கெப்பாசிட்டர்கள் நிரம்புகிற நேரத்துக்குப் பல்பு ஒரு கண்சிமிட்டு சிமிட்டி அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பேட்டரிப் பக்க மாஸ்ஃபெட் போய்விட்டது: பிளஸ் டிரான்ஸ்ஃபார்மரின் நடு முனைக்கு வந்து, செத்த மாஸ்ஃபெட் வழியாக நேராகப் பாடிக்கு இறங்குகிறது, ஆம்ப்ளியை ஆன் செய்யாமலே. அணைந்துவிட்டால் அடுத்து ரிமோட்டுக்கு 12 வோல்ட். மறுபடி ஒரு மின்னல். ரயில் கெப்பாசிட்டர்கள் நிரம்புகின்றன. பிறகு பல்பின் இழை சிவப்பாகக் கனன்றபடி நிற்க வேண்டும். சும்மா இருக்கும்போது ஒரு நல்ல ஆம்ப்ளி ஓர் ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். அந்தச் சிவப்பு அதுதான். இந்தக் கட்டத்தில் பளீரென்று எரிந்தால் கன்வெர்ட்டர் ஓடுகிறது, கோளாறு அந்தப் பக்கம் இருக்கிறது: அவுட்புட் டிரான்சிஸ்டர், இல்லையென்றால் ரெக்டிஃபயர் டயோடு. மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி வழி வந்தாகிவிட்டது. சில கிளாஸ் டி ஆம்ப்ளிகள் சும்மா இருக்கும்போதே இரண்டு ஆம்பியர் இழுக்கும். அவற்றுக்கு இண்டிகேட்டர் பல்பு போதாமல் வோல்டேஜ் விழுந்து, ஆன் ஆகி ஆன் ஆகி அணையும். அப்போது ஹெட்லைட் பல்பு.

பல்புக்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ஓம், எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் முதல் நொடியின் துணுக்கில் ஒன்றே முக்காலைவிட எவ்வளவோ அதிகம் உள்ளே போகிறது. கெப்பாசிட்டர் நிரம்ப அது வசதி. செத்த மாஸ்ஃபெட்டுக்கும் அந்தத் துணுக்கு நேரம் போதாது, போர்டு பிழைத்துக்கொள்கிறது.

பிறகு ஒரு காலத்தில் கரண்ட் லிமிட் குமிழ் வைத்த 30 வோல்ட் 10 ஆம்பியர் பெஞ்ச் சப்ளை மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. வாங்கினேன். பல்புக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். குமிழை ஒரு ஆம்பியரில் வைத்துவிட்டு, சப்ளையை ஆன் செய்து, 13.8 வோல்ட் நிற்கும்போது கிளிப்பைக் கொண்டுபோய் ஆம்ப்ளியில் தொட்டேன். டப் என்று தீப்பொறி, மாஸ்ஃபெட் காலி. லிமிட் ஒரு ஆம்பியர்தானே என்று மண்டையைக் குடைந்தேன். சப்ளையைத் திறந்து பார்த்தபோது விடை கிடைத்தது. அவுட்புட் முனைக்கு நேராக பெரிய கெப்பாசிட்டர்கள். லிமிட் சர்க்யூட் அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அவற்றில் ஏற்கெனவே நிரம்பியிருக்கிற சார்ஜுக்கு எந்தக் குமிழும் கட்டளையிட முடியாது. ஒரே மூச்சில் கொட்டிவிடும். அதன் பிறகு பழக்கம் மாறியது: சப்ளை ஆஃபில் இருக்கும்போதே ஆம்ப்ளியை மாட்டி, வோல்டேஜைப் பூஜ்யத்தில் இருந்து மெல்ல ஏற்றுவது. பல்புப் பலகையும் வேலைக்குத் திரும்பியது. கரண்ட் லிமிட் உள்ள சப்ளை வாங்குகிறவர்கள் குமிழ் எத்தனை என்று மட்டும் பார்க்காமல் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இடையில் வந்துபோனவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய எஸ்.எம்.பி.எஸ்: பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் இணைத்தால் ஓடும், ஹெட் யூனிட் சோதிக்கப் போதும், ஆம்ப்ளிக்கு ஆகாது. சிசிடிவிக்கும் எல்.இ.டி போர்டுக்கும் போடுகிற ஓட்டை ஓட்டையான தகரப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ், 12 வோல்ட் 30 ஆம்பியர்: பக்கத்தில் இருக்கிற சின்னத் திருகைத் திருப்பினால் 13.8க்கு ஏறும், பாதிப் பேர் கடையில் இதுதான் ஓடுகிறது, குறையில்லை. ஆனால் ஆம்ப்ளியின் கெப்பாசிட்டர்கள் நிரம்புகிற முதல் இழுப்பை ஷார்ட் என்று நினைத்துக்கொண்டு டிக், டிக் என்று அணைந்து அணைந்து எரியும். முதலில் பல்பு வழியாக நிரப்பிவிட்டு, அப்புறம் சுவிட்சைத் தட்டி நேராகக் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு பெட்டியில் '60 ஆம்பியர்' என்று ஒட்டியிருந்தது. 38க்கு மேல் கேட்டால் வோல்டேஜ் சரிந்தது. நல்லவேளை, கிளாம்ப் மீட்டரைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கையில் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

பேட்டரி கதை தனி. 2012ஐ மறக்க முடியாது. சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு ஒரு நாளில் பாதி கரண்ட் இருக்காது. கடையில் இன்வெர்ட்டருக்கு வைத்த 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரிதான் பெஞ்சுக்கும் சப்ளை. பேட்டரியைப் போல ஒரு சப்ளை கிடையாது என்று அப்போது பேசிக்கொண்டு திரிந்தேன். ஹம் இல்லை, இரைச்சல் இல்லை, எர்த் தொல்லை இல்லை, கேட்டதைக் கொடுக்கிறது. கேட்டதைக் கொடுக்கிறது என்பதுதான் பிரச்சினை. வேலைக்கு நின்ற பையன் ஒரு மத்தியானம் மாஸ்ஃபெட் மாற்றிய போர்டைப் பேட்டரியில் மாட்டினான். இரண்டு கால்களுக்கு நடுவே ஈயம் ஒரு மயிரிழை ஒட்டியிருந்தது. பியூஸ் இருந்த இடத்தில் பியூஸ் இல்லை. முந்தின நாள் அவசரத்துக்கு நான்தான் ஒயரை முறுக்கிச் செருகியிருந்தேன். நீலமாக ஒரு வெளிச்சம். போர்டில் செம்புப் பாதை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு. பாதை ஆவியாகிப் போயிருந்தது. பையனுக்குப் புருவம் பொசுங்கியதோடு போனது. அவன் என்னைப் பார்த்தான், நான் முறுக்கிய ஒயரைப் பார்த்தேன். ஆம்ப்ளிக்காரருக்குப் புதிது வாங்கிக் கொடுத்தேன். ஷார்ட்டான இடத்தில் அந்த மாதிரி பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். அது சப்ளையா வெல்டிங் மிஷினா என்பது நடுவில் இருக்கிற பியூஸைப் பொறுத்தது.

ஆம்பியரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வோல்டேஜை மாற்ற முடியாத சப்ளை பாதிக் கண்தான். ஒரு வேன்காரர் மூன்று தடவை ஒரே ஆம்ப்ளியைக் கொண்டுவந்தார். வண்டியில் பேஸ் அடிக்கும்போது கட் ஆகிறது. என் பெஞ்சில் மணிக்கணக்கில் பாடுகிறது. மூன்றாவது தடவை அவர் குரலில் மரியாதை குறைந்துவிட்டது. "நீங்க பாக்கறப்ப மட்டும் நல்லாப் பாடுதுங்க, வண்டிக்கு வந்தா ஊமையாயிருது. எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா அதுக்கு?" என் பெஞ்ச் எப்போதும் 13.8. அன்றைக்கு வேண்டுமென்றே இறக்கிக்கொண்டே வந்தேன். 12இல் பாடியது. 11இல் பாடியது. 10க்குப் பக்கத்தில் வந்ததும் சிவப்பு விளக்கு, ஊமை. ஆம்ப்ளி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். வண்டியில் போய் ஆம்ப்ளியின் முனையில் மீட்டரை வைத்துப் பேஸ் அடிக்கவிட்டால் 9.6 காட்டியது. பேட்டரியில் இருந்து பின்சீட்டு வரை போன ஒயரைச் சுரண்டிப் பார்த்தேன். மேலே செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளை: அலுமினியம். அது தடியாக இருந்ததே ரப்பரால்தான். ஒயரை மாற்றினோம். அதிலிருந்து 10 முதல் 15 வரை திருப்ப முடியாத சப்ளையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மேலே போவதற்கும் காரணம் இருக்கிறது. பெரும்பாலான ஆம்ப்ளிகளில் உள்ளே ரெகுலேஷன் கிடையாது; வெளியே வோல்டேஜ் ஏறினால் ரயிலும் ஏறும். பவர் வோல்டேஜின் வர்க்கத்தில் போகிறது. 14.4 வோல்டில் 1000 வாட் கொடுக்கிற ஆம்ப்ளி 12 வோல்டில் 700 வாட்டைத் தொடாது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் சங்கம் 2003இல் சி.இ.ஏ. 2006 என்ற அளவுகோலைக் கொண்டுவந்தபோது, 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவு 1 சதவீதத்துக்குள் என்று கட்டம் போட்டது இதற்காகத்தான். நம் சந்தையில் அட்டைப்பெட்டி மேல் அச்சடித்திருக்கிற வாட்டுக்கும் அந்தக் கட்டத்துக்கும் சம்பந்தமில்லை. '1800 வாட்ஸ்' என்று தங்க எழுத்தில் போட்ட ஒன்று வந்தது. பக்கவாட்டில் ஒரே ஒரு 25 ஆம்பியர் பியூஸ். 14.4 பெருக்கல் 25, வெறும் 360 வாட்தான் உள்ளே போகவே முடியும். அது கிளாஸ் ஏபி. பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வெளியே வரும். 4 ஓம் டம்மி லோடில் அலை வெட்டுப்படுகிற இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி அளந்தேன்: 28 வோல்ட். வர்க்கம் 784, நாலால் வகுத்தால் 196 வாட். வாடிக்கையாளரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

இந்த மாதிரி அளவெடுக்கத்தான் பெரிய சப்ளை வேண்டும். கிளாஸ் டி ஆம்ப்ளி ஒன்று நிஜமாகவே 1000 வாட் கொடுக்கிறது என்றால், 80 சதவீதத் திறனில் 1250 வாட் உள்ளே போக வேண்டும், 14.4 வோல்டில் 87 ஆம்பியர். இதற்காக ஆசைப்பட்டு, சென்னைக்குப் போயிருந்தபோது ரிச்சி தெருவில் பெரிய சர்வர்களில் இருந்து கழற்றிய 1200 வாட் சப்ளை ஒன்று வாங்கிவந்தேன். 230 வோல்ட் லைனில் 12 வோல்ட் 100 ஆம்பியர். கைக்கு அடக்கமான பெட்டி. ஃபேன் மட்டும் விமானம் கிளம்புகிற மாதிரி கத்தும். வோல்டேஜ் 12க்கு மேல் கொஞ்சம்தான், கூட்டக் குறைக்க உள்ளே கைவைக்க வேண்டும்.

அதன் மைனஸ் தகரப் பெட்டியோடு, அதாவது எர்த்தோடு ஒட்டியிருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரு ஆம்ப்ளியைப் பிரிட்ஜ் போட்டு, ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை ஸ்பீக்கர் மைனஸில் மாட்டினேன். பிரிட்ஜில் மைனஸ் என்று எழுதியிருக்கிற முனை பெயரளவில்தான் மைனஸ். அது இன்னொரு சேனலின் உயிருள்ள அவுட்புட். பாட்டு கொடுத்த கம்ப்யூட்டரும் எர்த், சப்ளையின் மைனஸும் எர்த், ஸ்கோப்பும் எர்த். அவுட்புட்டை நானே என் கையால் தரைக்கு இறக்கிவிட்டேன். பழுது பார்த்து முடித்த ஆம்ப்ளி, பில் எழுதிய பிறகு செத்தது. பேட்டரியில் ஓட்டி, எர்த் இல்லாத இடத்தில் இருந்து பாட்டு கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. பேட்டரிக்கு எர்த் என்றால் என்னவென்றே தெரியாது. சர்வர் சப்ளையை இப்போது ஆளில்லாத வேலைக்கு, நீண்ட நேரம் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனைக்கு மட்டும் எடுக்கிறேன்.

ஒயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெஞ்சில் வீட்டு ஒயரிங்குக்கு வாங்கிய 2.5 ஸ்கொயர் ஒயரை வைத்துக்கொண்டு, முதலைக் கிளிப்பில் கடித்துவிட்டு, சப்ளை விழுகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. போக இரண்டு மீட்டர், வர இரண்டு மீட்டர், 30 ஆம்பியர் ஓடினால் அந்த ஒயரிலேயே ஏறக்குறைய ஒரு வோல்ட் போய்விடும். கிளிப்பில் போவது தனி. 16 ஸ்கொயர் செம்பு ஒயர், நுனியில் அமுக்கிய லக், திருகி இறுக்கிய போல்ட். மீட்டர் சப்ளையின் முகத்தில் அல்ல, ஆம்ப்ளியின் முனையில்.

கரூருக்கே உரிய ஒரு வம்பு 24 வோல்ட். பஸ்ஸில் இரண்டு பேட்டரி சீரிஸில் இருக்கும். ஆம்ப்ளிக்கு வேண்டியது 12. நடுவில் இருந்து ஒரு ஒயரை இழுத்துவிடுவது நம் ஆட்களின் சுருக்குவழி. கீழ்ப் பேட்டரி மட்டும் உழைத்து இளைக்கும், மேல் பேட்டரி சார்ஜ் அதிகமாகித் தண்ணீர் கொதிக்கும். ஆறு மாதத்தில் இரண்டும் போகும், பழி ஆம்ப்ளி மேல் விழும். ஒழுங்கானது 24இல் இருந்து 12க்கு இறக்குகிற கன்வெர்ட்டர். ஒரு தடவை பேட்டரி மாற்றிய ஆள் ஒயரை நடுவில் மாட்டாமல் உச்சியில் மாட்டிவிட்டான். ஓடுகிற வண்டியில் அது 28 வோல்ட். கெப்பாசிட்டர்கள் வீங்கி நின்றதைப் பார்த்ததுமே புரிந்தது. ஆனால் மாஸ்ஃபெட்டுகளைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு கீறல் இல்லை, கறுப்பு இல்லை. கேட் 20 வோல்ட் வரைதான் தாங்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒரு சவ்வு கிழிந்து எல்லாம் பிணம். டி.எல். 494 மட்டும் உயிரோடு இருந்தது. அது 40 வோல்ட் வரை தாங்குகிற சாதி.

இன்றைக்கு என் பெஞ்சில் இடது கைப்பக்கம் 10 ஆம்பியர் லிமிட் சப்ளை, அதன் முன்னால் பல்புப் பலகை. வேலையில் முக்கால்வாசி அங்கேயே முடிந்துவிடுகிறது. மேஜைக்குக் கீழே 13.8இல் வைத்த, நிஜமாகவே 60 ஆம்பியர் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ், அதோடு இணையாக ஒரு 100 ஆம்பியர்-ஹவர் லாரி பேட்டரி. பாட்டு என்பது அடித்து அடித்து ஓய்வது. சராசரி இழுப்பை எஸ்.எம்.பி.எஸ் பார்த்துக்கொள்ளும், டிரம் அடிக்கிற நொடியைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும். கரண்ட் போனால் பேட்டரி திரும்பிப் போய் எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தின்னாமல் இருக்க நடுவில் ஒரு தடித்த ஷாட்கி டயோடு. அதில் அரை வோல்ட் விழும், அதற்கு ஏற்றாற்போல எஸ்.எம்.பி.எஸ்ஸைத் திருப்பி வைத்திருக்கிறேன். பேட்டரி முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். அதில் ஒயரை முறுக்கிச் செருகினால் சம்பளம் பிடிப்பேன் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்; எழுதியது பையனுக்கு மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

போன கார்த்திகைக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. மாலை போட்ட பதினைந்து பேர் விடிகாலையில் ஏறுகிறார்கள், ஆம்ப்ளி ஊமை. டிரைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பலகையையே பார்த்தார். மெயின் கொடுத்தேன், பல்பு சிமிட்டி அணைந்தது. ரிமோட் கொடுத்தேன், பளீரென்று எரிந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆயிருச்சுங்களா சாமி?" இல்லை சாமி, இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது என்றேன். ஒரு சேனலில் இரண்டு அவுட்புட் டிரான்சிஸ்டர், ஒரு எமிட்டர் ரெசிஸ்டர். பதினொன்றரைக்கு மறுபடி கொடுத்தபோது இழை சிவந்து அப்படியே நின்றது. அவருக்கு ஏமாற்றம். "என்னங்க, மங்கிப்போச்சு?" சுவிட்சைத் தட்டி நேராகக் கொடுத்து ஸ்பீக்கரை மாட்டிய பிறகுதான் நம்பினார்.

மாட்டிக் கொடுக்கப் பையனை அனுப்பிவிட்டுக் கையைக் கழுவி வந்தேன். மறுநாள் காலையில் முதல் ஆம்ப்ளியை எடுத்துப் பலகையில் மாட்டினால், 21 வாட் ஹோல்டர் காலி. பையன் தலையைச் சொறிந்தான். "வேன்ல பின்னாடி இண்டிகேட்டர் எரியலைங்கண்ணா. ராத்திரியில எந்தக் கடை தொறந்திருக்கும்? மலைக்குப் போற வண்டி..." கல்லாவில் இருந்து சில்லறையை எடுத்துக் கொடுத்து, இரண்டாக வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன்.